அம்மாவை இறக்கிவிட்டதற்கு 500 ரூபாய்

பாளையங்கோட்டையில் இருக்கும் எங்களுக்குத் தூத்துக்குடி, மதுரை, திருவனந்தபுரம் என்று மூன்று பக்கமும் விமான நிலையம் உண்டு. எதில் நடந்தது என்பதை விட்டுவிடுகிறேன். சென்னையில் அக்கா வீட்டுக்குக் கிளம்பிய அம்மாவைப் புறப்பாடு வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பினேன். அம்மாவுக்கு முட்டுவலி, இறங்கக் கொஞ்சம் நேரமானது. மறுநாள் போனுக்கு இ-சலான் வந்தது: நோ பார்க்கிங், 500 ரூபாய்.

"கட்டித் தொலைச்சிட்டு வேலையப் பாரும் மாப்ள" என்றார் அத்தான். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்ட கணக்கு. கட்டாமல் சும்மா இருந்தாலும் நாளைக்கு வண்டியைப் பேர் மாற்றும்போது இடிக்கும். மத்திய அரசின் போக்குவரத்துத் துறைத் தளமான பரிவாஹனில் வண்டி எண்ணைப் போட்டுச் சலானைத் திறந்தேன். படம் இருந்தது. பின்கதவு திறந்திருக்கிறது, அம்மாவின் ஒரு கால் தரையில், கையில் அல்வா இருக்கும் மஞ்சப்பை. ஓட்டுநர் இருக்கையில் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நான். அவர்கள் எடுத்த படமே எனக்குச் சாட்சி!

படத்தின் ஓரத்தில் பலகையும் விழுந்திருந்தது. நீல வட்டம், சிவப்பு விளிம்பு, குறுக்கே ஒரே கோடு. அது பார்க்கிங் கூடாது என்கிற பலகை. நிற்கவே கூடாது என்றால் பெருக்கல் குறி மாதிரி இரண்டு கோடு இருக்கும். 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளில் பார்க்கிங்குக்கு விளக்கமே இருக்கிறது: ஆளை உடனே ஏற்றி இறக்குவதற்காக இல்லாமல், மூன்று நிமிடத்துக்கு மேல் வண்டியை நிறுத்துவது. நான் செய்தது அதில் சேராது.

நேரத்தை நிரூபிக்க, விமான நிலைய வளாகத்துக்குள் வண்டி நுழையும்போது கொடுத்த சீட்டு வேண்டுமே. டேஷ்போர்டில் போட்டிருந்தேன். நம்ம ஊர் வெயிலில் அது அப்பளம் மாதிரி சுருண்டு, பாதி கறுத்துப் போயிருந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் 5:47 தெரிந்தது. சலான் படத்தில் 5:49. (இப்போதெல்லாம் எந்தச் சீட்டு கைக்கு வந்தாலும் அங்கேயே போட்டோ எடுத்துவிடுகிறேன்.)

இரண்டு படத்தையும் சேர்த்து அதே தளத்தில் புகார் போட்டேன். புகார் எண் வந்தது, பதில் வரவில்லை. மூன்று வாரம் பார்த்தேன். சலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்கு, அதாவது ஆன்லைன் கோர்ட்டுக்கு, போய்விட்டால், வழக்கை எதிர்க்கிறேன் என்று குறித்துவிட்டு நேரில் கோர்ட்டுக்கு அலையவேண்டும். அதற்குள் முடித்துவிடலாம் என்று ஒரு பக்க மனுவோடு காவல் நிலையத்துக்கே போனேன். முதலில் இருந்தவர் "ஐந்நூறுதான சார்" என்றார். அப்புறம் வந்த எஸ்.ஐ. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மஞ்சப்பையில் விரலை வைத்து, "அல்வாவா?" என்றார். ஆமா என்றேன். மனுவை வாங்கி, நகலில் முத்திரை போட்டுக் கொடுத்தார்.

ஒன்பதாம் நாள் தளத்தில் பார்த்தால் என் வண்டி பேரில் நிலுவை எதுவும் இல்லை. அக்கா வீட்டிலிருந்து அம்மா போனில், "ஏல, ஐநூறு ரூவாய்க்கா இம்புட்டு அலைஞ்ச?" என்றாள். அவளைக் கூப்பிடப் போன அன்றைக்கு வண்டியைக் காசு கொடுத்தே பார்க்கிங்கில் விட்டேன்.