பொம்மை கிடைத்தவனின் நாட்குறிப்பு

ஜனவரி 6, 2024, சனி

கடைசியில் பொம்மை என் பல்லில்தான் மாட்டியது.

இன்று மூன்று ராஜாக்கள் திருநாள். மெக்சிகோ முழுக்க ரோஸ்கா வெட்டுகிறார்கள். வளையமாகச் சுட்ட இனிப்பு ரொட்டி, மேலே பாகில் ஊறிய பழத்துண்டுகள், உள்ளே சுண்டுவிரல் நுனி அளவில் பிளாஸ்டிக் குழந்தை ஏசு. யார் துண்டில் பொம்மை வருகிறதோ அவர் பிப்ரவரி 2 அன்று எல்லோருக்கும் தமால் என்கிற சோளமாவுப் பண்டம் வாங்கித் தர வேண்டும். பெரிய ரோஸ்காவில் பொம்மைகள் பல இருக்கும். மற்றவை எங்கே என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டு பேராவது செலவுக்குப் பயந்து விழுங்கியிருப்பார்கள்.

நாங்கள் மொத்தம் முப்பது பேர். சங்கம் என்று சொல்லிக்கொள்கிறோம். பதிவும் இல்லை, பெயரும் இல்லை. கால்கரி, எட்மன்டன், மினசோட்டா பக்கத்துப் பனிக்குத் தப்பி, பசிபிக் கரையில் இந்த மசாத்லானில் குளிர்காலத்தைக் கழிக்கும் ஓய்வூதியக்காரர்கள். நாகப்பட்டினத்தில் பிறந்து கால்கரியில் கணக்கு எழுதி ஓய்ந்த நானும் என் மனைவியும் மட்டும் கொஞ்சம் வேறு நிறம்.

அறுபது தமால். எங்கே வாங்குவது? செயலாளர் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஜனவரி 10, புதன்

சங்கத்தின் கால அட்டவணையைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறாள் மனைவி. திங்கள் ஸ்பானிஷ் வகுப்பு, செவ்வாய் சீட்டு, புதன் மலையேற்றம், வியாழன் காலையுணவு, வெள்ளி நீர் உடற்பயிற்சி. வேலையில் இருந்தபோதுகூட நான் இப்படி ஓடியதில்லை.

இன்று எல் ஃபாரோ, அதாவது கலங்கரை விளக்கம். குன்றின் உயரம் 157 மீட்டர். முன்பு தனித்தீவாக இருந்ததாம். பிறகு கரையோடு இணைத்திருக்கிறார்கள். முதலில் மண்பாதை, பிறகு 336 படிகள். எண்ணிக்கொண்டே ஏறினேன், இருநூறுக்கு மேல் மூச்சு எண்ண விடவில்லை. மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் மலேகோன் என்கிற கடற்கரை நடைபாதை, வெள்ளைக் கோடு இழுத்ததுபோல வளைந்து வடக்கே போகிறது. எங்கள் ஆட்கள் அங்கேயும் கால்கரியின் வெப்பநிலையைத்தான் கைப்பேசியில் பார்த்தார்கள். மைனஸ் என்றதும் அவர்கள் முகத்தில் வந்த ஆனந்தத்தைக் கடலைப் பார்த்தபோது நான் காணவில்லை.

ஜனவரி 20, சனி

சனிக்கிழமைகளில் பிளாசா சரகோசாவில் இயற்கை விளைபொருள் சந்தை. கீரை, தேன், புளிப்பேறிய ரொட்டி. விற்பவர், வாங்குபவர் இருவருமே ஆங்கிலம் பேசுகிறார்கள். நல்ல சந்தைதான். ஆனால் முக்கால் மணி நேரத்தில் எட்டுப் பேர் என்னை நலம் விசாரித்தார்கள். எட்டுப் பேரையும் நேற்று நீச்சல் குளத்தில் பார்த்தவன் நான்.

நழுவிச் சில தெருக்கள் தள்ளிப் போனேன். அகீலெஸ் செர்தான் தெருவில் இறால் விற்கும் பெண்கள் நிழற்குடைகளின் கீழ் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பெரியது, நடுத்தரம், பொடி என்று வாளி வாளியாக இறால், மேலே ஐஸ். நான் குனிந்து ஒன்றை எடுத்துத் தலையைத் திருகி முகர்ந்ததும் அந்த அம்மாள் பக்கத்துக் கடைக்காரியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். முகர்ந்து பார்க்கத் தெரிந்தவன் என்று சொல்லியிருப்பாள். அல்லது கிறுக்கன் என்று. நாகப்பட்டினம் மீன் சந்தையில் என் அம்மாவுக்கு இரண்டு பெயரும் உண்டு.

தமால் எங்கே கிடைக்கும் என்று அவளிடமே கேட்டேன். விரலை நீட்டினாள். எதிர்ச்சந்தில் ஒரு நீலக் கதவு.

ஜனவரி 22, திங்கள்

நீலக் கதவுக்காரி அறுபதைத் தொட்டவள். மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. அடுப்படியில் அண்டா. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மாவு. வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே சுண்ணாம்பு. மாவைச் சோள மடலில் பரப்பி, உள்ளே முழு இறாலை வைத்து மடித்து ஆவியில் வேகவைக்கிறாள். இறாலின் மீசை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் 'தமால் பார்போன்', தாடிக்காரத் தமால். தெற்கே எஸ்குயினாபா பக்கத்துப் பண்டம். ஒன்று தின்றேன். பூவரச இலைக் கொழுக்கட்டைக்குள் இறால் புகுந்துகொண்டால் எப்படியோ அப்படி.

வகுப்பில் படித்த ஸ்பானிஷை முழுதாகத் திரட்டி அறுபது வேண்டும் என்றேன். விலை பேசவில்லை. பேசத் தெரியவில்லை.

பிப்ரவரி 2, வெள்ளி

எழுபது வந்தது. அறுபதுக்கு 'செசெந்தா', எழுபதுக்கு 'செதெந்தா'. ஓர் எழுத்துக்குப் பத்துத் தமால்.

இன்று காந்தெலாரியா திருநாள். மாதத்தின் முதல் வெள்ளியும்கூட. நவம்பர் முதல் ஏப்ரல் வரை முதல் வெள்ளி மாலைகளில் பழைய நகரத்து ஓவியர்கள் தங்கள் கூடங்களைத் திறந்து வைப்பார்கள். வரைபடத்தோடு தெருத்தெருவாகப் போகலாம். ஓவியங்களைவிட வீடுகள் எனக்குப் பிடித்தன. வெளியே நெட்டைச் சுவர், உள்ளே முற்றம், முற்றத்தில் ஒரு மரம். பிளாசா மச்சாதோவுக்கு அருகில் ஆங்கெலா பெரால்தா நாடக அரங்கு. 1883-இல் பாட வந்த இடத்தில் மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோன பாடகியின் பெயர்.

சங்கத்தார் தமாலை முதலில் சந்தேகமாகப் பார்த்தார்கள். மீசை பயமுறுத்திவிட்டது. ஒரு கனவான் மடலோடு சேர்த்துக் கடித்தார். இரவு எட்டு மணிக்கு மீந்தவை நான்கு. அவையும் புல்மோனியா ஓட்டுநருக்குப் போயின. புல்மோனியா என்றால் நிமோனியா. கதவும் கண்ணாடியும் இல்லாத திறந்த டாக்சி, 1965 முதல் இங்கே ஓடுகிறது. காற்று பட்டு நிமோனியா வரும் என்று போட்டி டாக்சிக்காரர்கள் கிளப்பிய கேலியே பெயராக நிலைத்துவிட்டதாம்.

பிப்ரவரி 10, சனி

கார்னிவல். 1898-இலிருந்து முறையாக நடத்துகிறார்கள். கெட்ட மனநிலையைப் பொம்மை செய்து எரிக்கும் சடங்கு ஒன்று உண்டு. "உங்களையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்து எரித்துவிட்டு வரலாமா?" என்று மனைவி கேட்டாள்.

இரவு ஓலாஸ் ஆல்தாஸ் கரையில் கடற்போர் வாணவேடிக்கை. 1864 மார்ச் 31 அன்று பிரெஞ்சுப் போர்க்கப்பலை இவ்வூர்க்காரர்கள் விரட்டியடித்த நினைவு. அதே ஆண்டு நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் திரும்ப வந்து ஊரைப் பிடித்ததை வாணங்கள் சொல்வதில்லை. காரைக்காலுக்குப் பக்கத்தூர்க்காரனான எனக்கு அது வியப்பாகவும் இல்லை.

சங்கம் ஓர் உணவகத்து மாடியை மொத்தமாகப் பிடித்திருந்தது. மேலிருந்து நன்றாகத் தெரிந்தது. கீழே ஒரு குடும்பம், பாட்டி முதல் கைக்குழந்தை வரை, ஒரே போர்வையில். வண்ணக் காகிதத்துணுக்கு அடைத்த முட்டையோட்டை அந்தப் பாட்டி பேரன் தலையில் உடைத்தாள். நாங்கள் கைதட்டினோம். அவர்கள் அண்ணாந்து எங்களையும் ஒரு காட்சியாகப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள்.

பிப்ரவரி 21, புதன்

கல் தீவுக்குப் படகில். பெயர்தான் தீவு, உண்மையில் தீபகற்பம். தென்னந்தோப்பு. இளநீர் வெட்டும் விதத்தில் மட்டும் எனக்கு ஆட்சேபம் இருக்கிறது.

மார்ச் 9, சனி

சங்கத்தின் பஸ் பயணம். கொன்கோர்தியா சதுக்கத்தில் ராட்சத நாற்காலி. மரச்சாமான் ஊர் என்பதற்கு அடையாளம். ஆளுக்கொரு புகைப்படம். பிறகு கோபாலா, வெள்ளிச் சுரங்கம் ஓய்ந்துபோன மலைக் கிராமம். பிறகு பலுவார்தே பாலம். பள்ளத்தாக்குக்கு மேலே 400 மீட்டருக்கும் அதிக உயரம். கீழே பார்க்க மாட்டேன் என்று மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். பார்த்ததாக எல்லோரிடமும் சொல்கிறாள். இந்தச் சாலை வந்தபின் மலைக்கு அப்பாலுள்ள துராங்கோக்காரர்களுக்கு மசாத்லான் பக்கத்தூர் ஆகிவிட்டது. முன்பு 'பிசாசின் முதுகெலும்பு' என்கிற பழைய மலைச்சாலையில் வளைந்து வளைந்து வரவேண்டும்.

மார்ச் 28, வியாழன்

புனித வாரம். துராங்கோவும் குலியாக்கானும் கடற்கரைக்கு வந்துவிட்டன. மணல் தெரியவில்லை. குடைகள், ஐஸ் பெட்டிகள், மாம்பழத்தில் மிளகாய்ப்பொடி. எங்கு பார்த்தாலும் 'பந்தா' என்கிற ஊதுவாத்தியக் குழு. கிளாரினெட், டிராம்போன், கீழே குமுறும் டியூபா, தம்போரா என்கிற பெரிய முரசு. காசு கொடுத்தால் உங்கள் குடைக்கு முன்னாலேயே நின்று வாசிப்பார்கள். பத்தடி தள்ளி இன்னொரு குழு இன்னொரு பாட்டு.

விருந்தினர்கள் தூங்க முடியவில்லை, கடற்கரையில் பந்தாவுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று விடுதிக்காரர்கள் சிலர் கேட்க, ஊர் கொதித்துவிட்டது. நேற்று இசைக்கலைஞர்கள் வாத்தியங்களோடு விடுதிப் பகுதியில் ஊர்வலம் போனார்கள். போலீசாருடன் தள்ளுமுள்ளு. இந்தச் சினலோவா மாநிலத்தில் போய் தம்போராவை நிறுத்துவதா என்று நாடே பேசுகிறது.

இன்றைய காலையுணவில் வேறு பேச்சே இல்லை. சத்தம் எல்லை மீறிவிட்டது என்றார் ஒருவர். அமைதிக்காகத்தானே பணம் கொடுத்து வருகிறோம் என்றார் இன்னொருவர். எனக்கு வாய் வரவில்லை. ஜனவரியில் எதிர்வீட்டுப் பதினைந்து வயதுப் பெண்ணின் விழாவில் விடிய விடிய பந்தா ஒலித்தபோது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு திட்டியவன் நான். தவிலும் நாதஸ்வரமும் அதிகாலை நான்கு மணிக்கு எழுப்பிய தெருவில் வளர்ந்தவனும் நான்தான். அங்கே வந்து குடியேறிய ஒருவர் நாயனத்தை நிறுத்தச் சொல்லியிருந்தால் என் அப்பா என்ன செய்திருப்பார் என்று யோசித்தேன். சொன்னவரைத் திண்ணையில் உட்காரவைத்துக் காபி கொடுத்திருப்பார்; நாயனம் நின்றிருக்காது.

இதைச் சொன்னேன். செயலாளர் அட்டவணையை எடுத்து அடுத்த வாரத் திட்டத்துக்குப் போனார்.

ஏப்ரல் 7, ஞாயிறு

நாளை முழுச் சூரிய கிரகணம். வட அமெரிக்கப் பெருநிலத்தில் முழு நிழல் முதலில் கரையேறுவதே இந்த மசாத்லான் பக்கத்தில்தான். ஊரில் அறை கிடையாது. சங்கம் நீச்சல் குளத்தோரம் ஏற்பாடு செய்திருக்கிறது: தொலைநோக்கி, கண்ணாடி, காலை ஒன்பது மணிக்கே பியர்.

நீலக் கதவுக்குப் போனேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை போவது இப்போது வழக்கம். மகளுக்கு எட்டாவது மாதம். அவள் வயிற்றருகே, உடையின் உள்பக்கம், சிவப்பு நாடாவில் ஊக்கு குத்தியிருந்தாள் தாய். கிரகணம் குழந்தையின் உதட்டைக் கடித்துவிடாமல் இருக்கக் காவலாம். எனக்குப் புல்லரித்தது. 1980 பிப்ரவரி 16 கிரகணத்தன்று கர்ப்பிணியான என் அக்காவை, பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்று அம்மா ஜன்னலடைத்த அறையில் உட்காரவைத்தாள். நான் இருபத்தைந்து வயதுப் பட்டதாரி. மூடநம்பிக்கை என்று வாசலில் நின்று சொற்பொழிவாற்றினேன்.

அந்தக் கதையை என் ஓட்டை ஸ்பானிஷில் சொன்னேன். தாய் மகளைப் பார்த்து, "கேட்டாயா? இந்தியாவிலும்தான்" என்றாள். மகள் என்னைப் பார்த்து முகம் சுளித்தாள்.

ஏப்ரல் 8, திங்கள்

நீச்சல் குளத்துக்குப் போகவில்லை. நானும் மனைவியும் மலேகோன் சுவரில் இடம் பிடித்தோம். எங்களுக்கு இந்தப் பக்கம் கான்க்ரீட் வேலை செய்யும் மூன்று இளைஞர்கள், அந்தப் பக்கம் துராங்கோக் குடும்பம். மேலே மெல்லிய மேகம். பயந்த அளவு கெடுக்கவில்லை. பத்து மணிக்குச் சற்று முன்பு சூரியனில் முதல் கடி. பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் பெரிதாக இல்லை. வெயில் மட்டும் நோயாளி முகம்போல வெளிறிக்கொண்டே வந்தது. பெலிகன்கள் கூட்டமாகப் பாறைக்குத் திரும்பின.

11.07-க்கு அணைந்தது. கறுப்பு வட்டம், சுற்றிலும் வெள்ளை இழைகள், பக்கத்தில் வெள்ளி கிரகம். அடிவானம் எல்லாப் பக்கமும் அந்திபோலச் சிவந்திருந்தது. தெருவிளக்குகள் எரிந்தன. இருபுறமும் கூச்சல், அழுகை. துராங்கோப் பாட்டி மண்டியிட்டுவிட்டாள். நான்கு நிமிடத்துக்கும் கொஞ்சம் அதிகம். எனக்கு முப்பது நொடிபோல இருந்தது. ஓரத்தில் ஒளி வைரக்கல்லாகத் தெறித்ததும் எங்கோ ஒரு தம்போரா முழங்கியது. உடனே டியூபாக்கள் சேர்ந்துகொண்டன. யாரும் காசு கொடுத்திருக்க முடியாது.

மெக்சிகோவில் அடுத்த முழுக் கிரகணம் 2052-இல். எனக்கு 97 ஆகும்.

காலையிலிருந்து இருவரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பேசி வைத்துக்கொள்ளவில்லை; அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பன்னிரண்டரைக்குக் கிரகணம் முற்றும் விட்டதும் உடுத்திய துணியோடு கடலில் இறங்கினோம். கான்க்ரீட் இளைஞர்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களும் இறங்கினார்கள். ஈரத்தோடு நீலக் கதவுக்குப் போனோம். ஜன்னல்களில் இன்னும் போர்வை தொங்கியது. மகள் உள்ளே தூங்குகிறாள் என்று தாய் சைகை காட்டி, மீசை நீட்டிய ஆறு தமால்களைத் தட்டில் வைத்தாள். பணம் எடுத்தேன். வாங்கவில்லை.