கவரை மூடும் முன் டென்ஷனர் முள்ளைப் பாருங்கள்

டைமிங் பெல்ட் (இன்ஜினில் வால்வும் பிஸ்டனும் தாளம் தவறாமல் இயங்கச் செய்யும் பல் வைத்த ரப்பர் பட்டை) மாற்றி எடுத்து வந்த வண்டி மறுநாள் காலையே ஊளையிட ஆரம்பித்தால் யாருக்கும் வயிறு எரியும். எனக்கு இன்னும் ஆறவில்லை. வேலூர், ராணிப்பேட்டை பக்கம் பழைய டீசல் ஃபோர்டு ஃபிகோ காரை விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

என்னுடையது 2012 மாடல், 1.4 டீசல். கிலோமீட்டர் பெரிதாக ஓடவில்லை. ஆனால் பெல்ட் ரப்பர்தானே, நின்ற இடத்திலேயே அதற்கு வயதாகும். நம் ஊர் வெயிலில் பானெட்டுக்குள் என்ன சூடு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால் வண்டியை ஓரங்கட்டுவதோடு முடியாது. வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், ஹெட்டை (இன்ஜினின் மேல்பகுதி) இறக்க வேண்டும், செலவு வண்டியின் மதிப்பையே தொட்டுவிடும். அதனால்தான் அறுவதற்கு முன்பே மாற்றிவிடலாம் என்று போனேன்.

சத்துவாச்சாரி பக்கம் ஓர் ஒர்க்‌ஷாப். பெல்ட், டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளை), ஐட்லர் (பெல்ட் ஓட வழிகாட்டும் உருளை), வாட்டர் பம்ப் நான்கையும் சேர்த்தே மாற்றச் சொன்னேன். வாட்டர் பம்பைச் சுற்றுவதும் இதே பெல்ட்தான். நாளைக்குப் பம்ப் ஒழுகினால் இதே வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும், கூலியும் இரண்டாவது முறை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். பில்லில் 'பெல்ட் கிட், வாட்டர் பம்ப்' என்று எழுதிப் பணமும் வாங்கிக்கொண்டார்கள். பழைய பொருளைக் கேட்டேன். "காயலான் கடைக்குப் போயிடுச்சி சார்" என்றார்கள்.

சத்தத்தோடு திரும்பிப் போனபோது கிடைத்த பதில்: "புது பெல்ட் சார், ஓட ஓட செட் ஆயிடும்." அப்படி ஒன்றும் ஆகாது. அதிகம் இறுகினால் பெல்ட் ஊளையிடும், பம்ப் பேரிங் தேயும். தளர்ந்தால் பல் தாண்டும், தாண்டினால் டைமிங் போச்சு. எப்படி டைட் வைத்தீர்கள் என்று கேட்டேன். அங்கிருந்த தம்பி இரண்டு விரலால் பெல்ட்டைத் திருகுவது போலக் காட்டினார். பழைய வண்டிகளுக்கு அந்தக் கணக்கு இருந்தது: நீளமான பக்கத்தை விரலால் திருகினால் 90 டிகிரி திரும்ப வேண்டும். இந்த இன்ஜினின் டென்ஷனரில் அதற்கென்றே ஒரு முள்ளும் ஒரு காடியும் (சின்ன வெட்டு) வைத்திருக்கிறார்கள். முள் காடிக்கு நேராக நிற்க வேண்டும். விரலுக்கு அங்கே வேலையே இல்லை. இதை நான் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அதற்குமேல் வண்டியை ஓட்டவில்லை. கட்டி இழுத்து விருதம்பட்டில் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். மேல் கவரைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். பெல்ட் மட்டும் புதுசு. டென்ஷனரில் துரு, முள் காடியை விட்டு விலகிக் கிடந்தது. வாட்டர் பம்ப் கம்பெனியிலிருந்து வந்த அதே பம்ப். கேமிலும் (வால்வைத் திறக்கும் தண்டு) புல்லியிலும் ஒயிட்னர் கோடு. தண்டுகள் நகராமல் பூட்டும் லாக் பின் போடாமல், கோடு கிழித்து வைத்தே வேலையை முடித்திருக்கிறார்கள். "போட்டோ எடுத்துக்கோ தம்பி, அப்புறம் இல்லன்னுவாங்க" என்றார். எடுத்துக்கொண்டேன்.

அடுத்த தலைவலி சாமான். ஃபோர்டு 2021-இல் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது, அதனால் நினைத்த கடையில் நினைத்த பொருள் கிடைக்காது. உள்ளூர்க் கடையில் 'ஃபிகோ பெல்ட்' என்றதும் எடுத்து நீட்டியது 1.2 பெட்ரோலுக்கானது. அதிலும் டைமிங் பெல்ட் உண்டு, ஆனால் இதற்குச் சேராது. வண்டிப் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். ஆர்.சி.யைக் கொண்டுபோய் சேஸ் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள், பழைய பெல்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பல்லை எண்ணிப் பாருங்கள். கடைசியில் காட்பாடியில் ரயிலேறிச் சென்னை ஜி.பி. ரோட்டில்தான் முழு கிட்டும் பம்பும் சரியாகக் கிடைத்தன.

சக்கரம், உள் லைனர், கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) புல்லி, மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுத்து இன்ஜின் மவுண்ட் என்று கழற்றும் வேலை வழக்கம்போல நடந்தது. கவனிக்க வேண்டிய இடம் அதற்குப் பிறகுதான். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். கிராங்குக்கும் கேமுக்கும் பின் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் பெல்ட்டை எடுத்தார். புது பெல்ட்டில் இருக்கும் அம்புக்குறி இன்ஜின் சுற்றும் திசையில் இருக்கிறதா என்று பார்த்து மாட்டினார். அதை மடிக்கவோ எண்ணெய்க் கையால் தொடவோ யாரையும் விடவில்லை.

டென்ஷனரில் ஆலன் கீயை விட்டு, முள் காடிக்கு நேராக வரும்வரை மெதுவாகத் திருப்பினார். அடுத்துச் செய்ததில்தான் அவர் அனுபவம் தெரிந்தது. போல்ட்டை இறுக்கும்போது ஆலன் கீயை விடவே இல்லை, அசையாமல் பிடித்துக்கொண்டார். விட்டால் போல்ட்டோடு டென்ஷனரும் சேர்ந்து திரும்பி முள் நகர்ந்துவிடுமாம். பிறகு பின்களை எடுத்துவிட்டு, செல்ஃப் அடிக்காமல், ஸ்பேனர் போட்டுக் கையாலேயே கிராங்கைச் சுற்றினார். ஓடும் திசையில் மட்டும், நிதானமாக. இடையில் எங்காவது தட்டினால் அங்கேயே நிறுத்த வேண்டும்; உள்ளே வால்வு இடிக்கிறது என்று அர்த்தம். தட்டவில்லை. பின்கள் மறுபடி வழுக்கிக்கொண்டு உள்ளே போயின. ஆனால் முள் ஒரு நூல் தள்ளி நின்றது. "இது ஆவாது" என்று போல்ட்டைத் தளர்த்தி மறுபடி வைத்து, மறுபடி சுற்றி, முள் நகராமல் நின்ற பிறகே என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம்தான் கவர். முதல் செல்ஃபிலேயே ஸ்டார்ட் ஆனது. ஊளை சுத்தமாக இல்லை.

பழைய டென்ஷனர், பழைய பம்ப், போட்டோ, அவர்கள் கொடுத்த பில் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு சத்துவாச்சாரிக்குப் போனேன். பில்லில் அவர்கள் எழுத்திலேயே இருந்ததால் மறுக்க முடியவில்லை. கொஞ்சம் முணுமுணுப்புக்குப் பிறகு, மாற்றாத பொருளுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கூலி வரவில்லை. நீங்கள் பில் வாங்கும்போது ஒவ்வொரு பொருளையும் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். வண்டியை விடும்போதே பழைய சாமான் எனக்கு வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

கிட்டோடு வந்த ஸ்டிக்கரில் தேதியும் கிலோமீட்டரும் எழுதிக் கவர் மேல் ஒட்டியிருக்கிறேன். பம்ப் புதுசு என்பதால் கூலண்ட் அளவைக் கொஞ்ச நாள் காலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். இதுவரை இறங்கவில்லை.