வள்ளி வண்டி ஏறப் பழகிய 11 நாள்கள்

அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவின் குதிரைச் சந்தையில் வாங்கிய கத்தியவார் இனப் பெண்குதிரைக்கு வள்ளி என்று பெயரிட்டோம். அங்கே நான்கு பேர் பின்னாலிருந்து தள்ளியும் சாட்டையை ஓங்கியும் அவளைப் பிக்கப் வண்டியில் ஏற்றியபோது, ஈரமான சாய்வுப் பலகையில் பின்னங்கால் வழுக்கித் தோல் வழன்றுவிட்டது. அருகிலேயே நின்ற நான் அதைத் தடுக்கவில்லை. இன்றும் அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. காயம் ஆறி மாதங்கள் ஆன பின்னும், தோட்டத்துக்குள் எந்த வண்டி பின்னோக்கி வந்தாலும் அவள் மூக்கை விடைத்துக்கொண்டு கயிற்றை இழுப்பாள்.

மார்கழியில் அவள் வைக்கோலைச் சரியாக மெல்லாமல் உருண்டையாகத் துப்பத் தொடங்கினாள். குதிரையின் கடைவாய்ப் பற்கள் தேயத் தேய வளர்ந்து வருபவை. தேயாமல் நிற்கும் ஓரங்கள் கூராகிக் கன்னத்தைக் கிழிப்பதால், அவற்றை அரம் கொண்டு ராவிவிட வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோக முடிவு செய்தபோது, வண்டி ஏறப் பழக்குவதற்கு 11 நாள்கள் இருந்தன.

வண்டியின் பின்பக்கத்தை வாய்க்கால் கரையின் மண்மேட்டோடு ஒட்டி நிறுத்தினோம். அதனால் சாய்வுப் பலகையே தேவைப்படவில்லை. தளத்தில் தென்னைநார் விரிப்பைக் கட்டி, அதன்மேல் வைக்கோலைப் பரப்பினோம். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போகும்போது குதிரையின் கண் பழகுவதற்கு நம் கண்ணைவிட அதிக நேரம் ஆகும் என்பதால், முன்பக்கத் தார்ப்பாயையும் அவிழ்த்துவிட்டோம்.

கயிற்றைப் பிடிக்கும் முறைதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. இழுத்தால் எதிர்த்து இழுப்பது குதிரையின் இயல்பு. ஆகவே கயிற்றை லேசாக இறுக்கி அசையாமல் நின்று, அவள் ஒரு குளம்பை முன்வைத்த, ஏன், உடல் எடையை முன்னே சாய்த்த கணத்திலேயே தளர்த்திவிட வேண்டும். தாமதமாகத் தளர்த்தினால், எதற்காகத் தளர்ந்தது என்பது அவளுக்குப் புரியாது. முதல் மூன்று நாள்கள் விரிப்பை முகர்ந்ததோடு சரி. நான்காம் நாள் முன்னங்கால்கள் இரண்டையும் வைத்தாள். உடனே நானே அவளைப் பின்னுக்கு நடத்தி வெளியே கொண்டுவந்தேன், ஏனெனில் திரும்பி வர வழி உண்டு என்று தெரிந்த குதிரைதான் தயங்காமல் உள்ளே போகும். ஏழாம் நாள் முழுவதுமாக ஏறி, உள்ளே வைத்திருந்த ஊறிய கொள்ளைத் தின்றாள். அன்று என் கண் கலங்கிவிட்டது.

ஏறிய பிறகும் கவனம் தேவை. குதிரையின் பின்னால் குறுக்குக் கட்டையைப் போட்ட பிறகே தலைக்கயிற்றைக் கட்ட வேண்டும். இறக்கும்போது கயிற்றை அவிழ்த்த பிறகே கட்டையை எடுக்க வேண்டும். தலை கட்டப்பட்டிருக்கையில் பின்பக்கம் திறந்திருந்தால், பின்வாங்கும் குதிரை கயிறு இறுகியதும் மிரண்டு தலையை உதறி, கழுத்தை முறித்துக்கொள்ளவும் கூடும்.

நாமக்கல்லில் பல் ராவி முடித்து, மயக்க மருந்து முழுவதும் தெளியும்வரை காத்திருந்தோம். அங்கே மண்மேடு இல்லாததால் பலகையைச் சாய்த்து, அதே விரிப்பை அதன்மேல் போட்டோம். வள்ளி அதை முகர்ந்தாள், ஒருமுறை பின்வாங்கினாள், பிறகு என் தோளை ஒட்டியபடியே மேலேறி வந்தாள்.