எட்டடிப் பாதையில் ஒரு பெரிய முகம்

பொது இடங்களில் சுவரோவியம் வரையும் குழுவொன்றில் நான் சேர்ந்த புதிதில், சாலைக்கு அடியில் செல்லும் சுரங்கப்பாதை ஒன்று எங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. எட்டடி அகலமே உள்ள அந்தப் பாதையின் ஒரு பக்கச் சுவர் முழுவதும் சிரிக்கும் பெண்ணின் முகம் ஒன்றை வரைந்தோம். உப்புப் பூத்த சுவரைச் சுரண்டி, பிரைமர் அடித்துக் காயவிடுவதற்கே நான்கு நாட்கள் போயின. பாதை திறந்த அன்று, அவ்வழியே வந்த மூதாட்டி ஒருவர் சுவரருகே நின்று, "இது என்ன தம்பி, பொந்தா வரைஞ்சிருக்கீங்க?" என்று கேட்டார். அவர் காட்டியது மூக்குத் துவாரம். எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு பார்த்தாலும் முகம் முழுதாகத் தெரியாது என்பது, வரைபடத்தை மேசைமீது விரித்துத் தலையசைத்த எங்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ராவின் 'டில்டட் ஆர்க்' என்ற சிற்பத்தைப் பற்றிப் படித்தேன். நியூயார்க்கின் ஃபெடரல் பிளாசாவில் 1981இல் நிறுவப்பட்ட, 120 அடி நீளமும் 12 அடி உயரமும் கொண்ட அந்த வளைந்த எஃகுச் சுவர் சதுக்கத்தைக் குறுக்கே வெட்டியதால், அங்கே வேலைக்குச் செல்வோர் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. 1985இல் நடந்த பொது விசாரணையில் பேசிய 180 பேரில் 122 பேர் அது இருக்கட்டும் என்றே சொல்லியும், 1989இல் அகற்றிவிட்டார்கள். நடப்பவரை நிறுத்தி இடத்தை உணரவைப்பதே செர்ராவின் நோக்கம் என்பதால், அதை வெறும் பிழை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் என் விருப்பம், கலைஞர் தம்பதியான கிறிஸ்டோவும் ஜான் குளோடும் 2005 பிப்ரவரியில் அதே நகரின் சென்ட்ரல் பார்க்கில் 16 நாட்கள் நிறுத்திய 7,503 வாயில்களின் பக்கமே சாய்கிறது. காவி நிறத் துணி தொங்கிய அவை நடைபாதைகளின் மேலேயே நின்றன. எவரும் வழி மாற வேண்டியிருக்கவில்லை, பழகிய வழியே வேறாகிவிட்டது.

அதே சுரங்கப்பாதையை மறுபடி வரைய வாய்ப்புக் கிடைத்தபோது, தூரிகையைத் தொடுமுன் பத்து நாட்கள் நடப்பவர்களை மட்டும் கவனித்தோம். கூரையிலிருந்து நீர் சொட்டியதால் எல்லோரும் வலப்பக்கச் சுவரை விட்டு ஒதுங்கியே சென்றார்கள். ஆகவே முதல் வேலை கசிவை அடைப்பது, அடுத்தது கூடுதலாக இரண்டு விளக்குகள். (ஓவியர்களுக்கு இது சலிப்பூட்டும் வேலைதான்.) அதன்பின், இடுப்புயரத்தில் பாதை நெடுக ஓர் எறும்பு வரிசையை வரைந்தோம். ஒரு சிறுமி அவற்றை விரலால் தொட்டு எண்ணிக்கொண்டே போக, எப்போதும் விரைந்து நடக்கும் அவளுடைய அம்மா அறுபத்தேழாவது எறும்பு வரை பொறுமையாக உடன் நடந்ததைப் பார்த்தேன்.

பலருடைய விரல்கள் பட்டு அந்த உயரத்தில் பெயிண்ட் சீக்கிரமே தேய்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் எறும்புகளைத் திரும்ப வரைந்துவிட்டு வருகிறேன்.