மூன்றாவது நிரல்

ஏ.எல். (உயர்தர) வகுப்பில் எங்களுக்கு 'அரசாங்கம்' என்ற பாடத்தைப் படிப்பித்த மாஸ்ரர் சென்ற மாதம் ஊரில் காலமானார். தொண்ணூறு கடந்திருந்தார். செய்தி ரொறன்ரோவுக்கு வந்த இரவு எனக்கு நித்திரை இல்லை. எங்கள் பள்ளிக்கூட மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது விடுதி நினைவுகளை. மணிச் சத்தம், பிரார்த்தனை மண்டபம், பிக் மட்ச் நாளில் மதிலேறிய கதைகள் எல்லாவற்றையும் மற்றவர்கள் என்னைவிட நன்றாக எழுதுவார்கள். நான் எழுதவேண்டியது மேல்மாடிக் கடைசி வகுப்பறையில் 1971 இல் நடந்த ஒரு பாடத்தை.

மாஸ்ரரின் மூன்று நிரல்களை எங்கள் வகுப்பில் எவரும் மறந்திருக்க முடியாது. எந்தச் சட்டம் என்றாலும் முதலில் கரும்பலகையில் இரண்டு கோடு விழும். எழுதினது ஆர், மாத்தக்கூடியது ஆர், பிழை நடந்தால் ஆரிட்டைப் போறது. "ஒரு நாட்டிலை அதிகாரம் எங்கை இருக்கெண்டு அறியக் கொடியைப் பாராதேங்கோ, மூண்டாவது நிரலைப் பாருங்கோ" என்பார்.

அந்த நாட்களில் எங்கள் வாயில் எந்நேரமும் 29 ஆம் பிரிவுதான். ஓர் இனத்தையோ மதத்தையோ மட்டும் பாதிக்கிற சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக்கூடாது என்று, அன்று நடைமுறையில் இருந்த சோல்பரி அரசியல் யாப்பின் 29(2) சொன்னது. சிங்களப் பரீட்சை எழுத மறுத்துச் சம்பள உயர்வை இழந்த எழுதுவினைஞர் கோடீஸ்வரன், அதைக் கையிலெடுத்து, சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956 இன் தனிச் சிங்களச் சட்டத்தையே நீதிமன்றம் ஏற்றினார். 1964 இல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். அரச ஊழியர் சம்பளத்துக்காக வழக்குப் போட முடியாது என்று உயர் நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. அன்று எங்கள் நாட்டின் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவிக் கவுன்சில், 1969 டிசம்பரில், போடலாம் என்றது. ஆனால் மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியைத் தான் தொடாமல் திருப்பி அனுப்பிவிட்டது. பதினேழு வயதில் எங்களுக்கு அதுவே பெரிய வெற்றியாகத் தெரிந்தது. நான் வகுப்பில் எழும்பி அதைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன்.

மாஸ்ரர் முடியும்வரை கேட்டார். பிறகு, "கோடீஸ்வரனுக்கு முதல் 29 ஐக் கொண்டு லண்டன்மட்டும் போனது ஆர்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. பலகையில் எழுதினார்: கோடக்கான் பிள்ளை, 1953. பிறகு அந்த வழக்குக்கு வேரான 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தை விளக்கினார். அது குறிவைத்தது, வெள்ளைக்காரன் கோப்பிக்கும் தேயிலைக்கும் இந்தியாவிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய சனத்தை. இலங்கையிலேயே பிறந்திருந்தாலும், தகப்பன் இங்கு பிறந்ததையோ பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்ததையோ காட்டவேண்டும். தோட்டத்து லயத்தில், அந்த வரிசைக் குடியிருப்பில் பிறந்தவனுக்குப் பூட்டனின் பத்திரம் எங்கே இருக்கும்? சுதந்திரம் கிடைத்த அதே வருடத்தில் ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். அடுத்த வருடம் வாக்கும் போனது. ஒரு நாடு தன் பிரசைகள் யார் என்று தீர்மானிப்பது இயல்பான உரிமை, அது 29 ஐ மீறவில்லை என்று பிரிவிக் கவுன்சில் தீர்த்தது. தமிழ்க் காங்கிரசும் இந்தக் கேள்வியில்தான் உடைந்தது; செல்வநாயகம் பிரிந்துபோய் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

தோற்ற வெட்கத்தில் நான் சொன்னேன்: "அது தோட்டக்காட்டாரின்ரை விசயம் சேர். எங்கட வழக்கு வேறை."

அந்தச் சொல்லை இன்று எழுதவே கை கூசுகிறது. அன்று எங்கள் வீடுகளில் அது சாதாரணச் சொல்.

மாஸ்ரர் சத்தம் போடவில்லை. "உம்மட வீட்டிலை கிணத்தடியிலை தண்ணி அள்ளுறது ஆர்?" என்று கேட்டார்.

வகுப்பு அடங்கிப் போனது. பத்தோ பதினொன்றோ வயதில் மலைநாட்டு மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு பிள்ளை எங்கள் வீட்டில் நின்றாள். என் சேர்ட்டைத் தோய்ப்பவள் அவள். நான் பதில் சொல்லாமல் நின்றேன். "அந்தப் பிள்ளைக்கு மூண்டாவது நிரலிலை என்ன எழுதுவீர்?" சோக்கட்டியை நீட்டினார். நான் வாங்கவில்லை. பாடம் முடியும்வரை நின்றேன். அந்த அவமானத்துக்காக இரண்டு தவணை அவரை வெறுத்தேன். என் வீட்டுக் கதையை நாற்பது பேருக்கு முன்னால் இழுத்தது சரியா என்று இப்போதும் எனக்குள் ஒரு பக்கம் கேட்கத்தான் செய்கிறது. ஆனால் வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் எனக்கு ஏறியிருக்காது.

1972 மே 22. கொழும்பு நவரங்கஹலவில் குடியரசு பிரகடனமானது. அதன் பிறகு வந்த முதல் பாடத்தில் மாஸ்ரர் பழைய யாப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். 29 இல்லை. லண்டனுக்கு மேன்முறையீடு இல்லை. நிறைவேறிய சட்டத்தை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது. மசோதாவாக இருக்கும்போது மட்டும் அரசியலமைப்பு நீதிமன்றம் பார்க்கலாம், அவசர மசோதா என்றால் 24 மணித்தியாலத்துக்குள். அடிமை யாப்பை எறிந்து நாமே எழுதிக்கொண்ட யாப்பு என்பதில் அவருக்கு உண்மையான மரியாதை இருந்தது. அதனால்தான் அந்த வெற்று நிரல் அவரை அவ்வளவு வருத்தியது. ஒரு மொழி என்றால் இரண்டு நாடு என்று 1956 இல் பாராளுமன்றத்தில் எச்சரித்த கொல்வின் ஆர். டி சில்வாதான் இந்த யாப்பை வரைந்த அமைச்சர். "ஆள் மாறேல்லைத் தம்பியவை. அவர் இருந்த கதிரை மாறிப்போச்சு" என்றார். பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிமூலத்துக்கு ஒரு புள்ளி வைத்த தரப்படுத்தல், பக்கத்து விஞ்ஞான வகுப்பில் அடியாக விழுந்த நேரம் அது. 1971 அனுமதியில் பேராதனைப் பொறியியலுக்குத் தமிழ் மொழிமூலம் 250 புள்ளி, சிங்கள மொழிமூலம் 227. அவர்களும் யாரிடம் போவது என்றுதான் கேட்டார்கள். எங்களுக்கு முன்பே அதைக் கேட்டவர்களை நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நான் 1974 இல் வெளிக்கிட்டேன். முதலில் லண்டன், பிறகு கனடா. வந்து சில வருடங்களில் கையை உயர்த்திச் சத்தியம் செய்து பிரசையானேன். பூட்டனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மாஸ்ரர் போகவில்லை. யாழ்ப்பாணத்தின் 1995 ஒக்ரோபர் இடப்பெயர்விலும் சைக்கிளில் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு தென்மராட்சி போய், அடுத்த வருடம் திரும்பி வந்தார். போயிருந்தால் பிள்ளைகளுடன் இங்கே இருந்திருப்பார். எங்களில் எத்தனை பேர் கூப்பிட்டோம்.

2003 இன் கடைசியில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் 35 ஆம் இலக்கச் சட்டம் அந்த வருடம் நிறைவேறியிருந்தது. நாட்டில் மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 55 வருடங்களுக்குப் பிறகு கதவு திறந்தது. அதைச் சந்தோசமாக எழுதிவிட்டுக் கேட்டிருந்தார்: "உம்முடைய வீட்டில் நின்ற அந்தப் பிள்ளை இங்கே இருக்கிறாவோ, சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போய்விட்டாவோ? இருந்தால் விண்ணப்பிக்கச் சொல்லலாம். பெயரையும் ஊரையும் எழுதும்."

1973 இல் தகப்பன் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார். இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்கா, மலைக்கா, நாங்கள் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அவளைக் கூப்பிட்ட பெயர் அம்மா வைத்தது. அவளுடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. அந்தக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை.