பிறந்த தேதி தெரியாத நோயாளி

எங்கள் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட் என்றால் நூலக மேலாண்மை, விடுதி மேலாண்மை என்று ஏதாவது ஒன்று இருக்கும். கெட்டி அட்டை போட்ட அறிக்கையும் உண்டு. வாய்மொழித் தேர்வு முடிந்த பிறகு அந்த மென்பொருளை யாரும் திறப்பதில்லை. பயன்படுத்த ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பே இல்லாமல் பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகுவது எனக்கு மனம் பொறுக்கவில்லை. அதனால்தான் என் மாணவர்கள் சிலரை ஓப்பன்எம்ஆர்எஸ் பக்கம் திருப்பினேன்.

2004இல் தொடங்கப்பட்ட கட்டற்ற மருத்துவப் பதிவு மென்பொருள் அது; அதன் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தம் எழுதி அனுப்பலாம். மேற்குக் கென்யாவின் எல்டோரெட் நகரில் எச்.ஐ.வி. சிகிச்சைக்கு வருவோர் பெருகியபோது பழைய பதிவு முறை ஈடுகொடுக்கவில்லை. அந்த நெருக்கடியில் உருவானது.

முதல் சில வாரங்கள் வாசிப்பு மட்டும்தான். தரவுத்தளத்தில் நோயாளியின் பிறந்த தேதிக்குப் பக்கத்திலேயே இன்னொரு புலம் இருக்கிறது: இந்தத் தேதி உத்தேசமானதா, ஆம் அல்லது இல்லை. "இது எதற்கு, சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். உன் பாட்டியின் பிறந்த தேதி தெரியுமா என்று திருப்பிக் கேட்டேன். சற்று யோசித்தவள், தன் பழைய புராஜெக்டில் பிறந்த தேதியைக் கட்டாயமாக்கியிருந்ததைத் தானே சொன்னாள். பாட்டி வந்திருந்தால் அந்தப் படிவம் அவரை உள்ளேயே விட்டிருக்காது.

அழிக்கும் வசதியும் அப்படித்தான். தவறான பதிவை அங்கே சாதாரணமாக அழித்துவிடுவதில்லை. செல்லாது என்று குறிக்கிறார்கள். குறித்தவர் யார், எப்போது, என்ன காரணம் என்பதும் கூடவே நிற்கும். மருத்துவர் ஒருவர் அந்தப் பதிவை நம்பி மருந்து கொடுத்திருக்கலாம் அல்லவா? பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் கடந்துபோகும் 'டிலீட்' கட்டளைக்குப் பின்னால் இவ்வளவு பொறுப்பு இருப்பதை நான் எத்தனை வகுப்பு எடுத்தும் புரியவைத்திருக்க முடியாது.

சிக்கல்களும் உண்டு. மாணவர் அனுப்பும் திருத்தத்தைப் பரிசீலிப்பவர் வேறொரு நாட்டில் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் உழைக்கும் தன்னார்வலர். அவருக்கு நம் பருவத் தேர்வு அட்டவணை தெரியாது. அரைகுறையாக அனுப்பினால் அவர் நேரத்தைத் திருடுகிறோம். ஆகவே திருத்தம் ஏற்கப்பட்டதா என்பதற்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. வந்த கருத்துகளுக்கு மாணவர் எப்படிப் பதில் சொன்னார், எதை மாற்றினார், எதற்காக வாதாடினார் என்று பார்க்கிறேன். துறையில் இன்னமும் கெட்டி அட்டை அறிக்கை கேட்கிறார்கள். அந்த உரையாடல்களை அப்படியே அச்செடுத்து அதற்குள் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.