குதிநாண் அறுந்த பிறகு எட்டு மாதங்கள்

பின்னாலிருந்து யாரோ, தாளம் தட்டும் தட்டுக்கழியால் குதிகாலுக்கு மேலே ஓங்கி அடித்தது போல இருந்தது. சட்டென்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான். பிள்ளைகள் ஆறு பேரும் எனக்கு எதிரே நின்றார்கள். தட்டுக்கழி மணைமேல், வைத்த இடத்தில் அப்படியே கிடந்தது. ஒரு பெண் மட்டும் குனிந்து தன் சலங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “என் சலங்கைதான் அறுந்துடுச்சோன்னு நினைச்சேன் டீச்சர், அப்படிச் சத்தம் கேட்டுச்சு” என்றாள்.

கும்பகோணத்தில் வீட்டிலேயே பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கிறேன். வயது 43. பிப்ரவரி முதல் வாரம், சிவராத்திரி நாட்டியாஞ்சலிக்காக ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. சிதம்பரத்தில் 1981-ல் தொடங்கிய நாட்டியாஞ்சலி என்ற நடன விழா இன்று டெல்டாவின் பல கோயில்களில் நடக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு வருடத்தில் அதுதான் பெரிய மேடை. தில்லானாவில் பாய்ந்து ஆடும் ஓர் அசைவு, பாய்ச்சல் அடவு, யாருக்கும் சரியாக வரவில்லை. இடது காலை உந்தி நானே பாய்ந்து காட்டினேன். அந்த உந்தலில்தான் குதிநாண் அறுந்தது.

வலி நான் பயந்த அளவுக்கு இல்லை. அதுதான் ஏமாற்றிவிட்டது. விரல்களை அசைக்க முடிந்தது. பாதத்தை முழுதாக ஊன்றி, சாய்ந்து சாய்ந்து நடக்கவும் முடிந்தது. பக்கத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். எக்ஸ்ரே எடுத்தார், எலும்பு முறிவு இல்லை என்றார், சுளுக்கு என்று சொல்லி கிரேப் பேண்டேஜும் வலி மாத்திரையும் கொடுத்து அனுப்பினார். கெண்டைச் சதையை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அத்தை புளியும் உப்பும் காய்ச்சிப் பத்துப் போட்டார். பக்கத்து வீட்டம்மா எண்ணெய் போட்டு நீவிவிட வந்தார். நல்லவேளையாக வீக்கத்தில் தொடக்கூட விடவில்லை நான்.

ஒன்பதாம் நாள் சமையலறையில் மேல் தட்டிலிருந்த வெல்ல டப்பாவை எடுக்க எக்கினேன். வலது குதிகால் தூக்கியது. இடது குதிகால் தரையிலேயே இருந்தது. நான் தூக்கச் சொல்கிறேன், அது கேட்கவில்லை. முப்பது வருடமாகக் குதித்து மெட்டு, அதாவது விரல்நுனியில் எழும்பிக் குதிகாலைத் தரையில் தட்டும் அடவு, ஆடிய கால். அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பதினோராம் நாள் தஞ்சாவூரில் ஓர் எலும்பு மருத்துவரைப் பார்த்தோம். குப்புறப் படுக்கச் சொன்னார். இரண்டு பாதமும் கட்டிலின் ஓரத்தில் தொங்கின. முதலில் வலது கெண்டைச் சதையைப் பிடித்து அழுத்தினார். பாதம் தானாகக் கீழே அசைந்தது. பிறகு இடது கெண்டைச் சதையை அழுத்தினார். என் கணவர் பார்த்துக்கொண்டிருந்தார். “ஒண்ணுமே அசையலையே” என்றார். டாக்டர் என் விரலையே எடுத்து குதிகாலுக்கு நாலு விரல்கடை மேலே வைத்தார். இறுகின கயிறு போல இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம். விரல் உள்ளே போனது. ஸ்கேன் அதை உறுதி செய்தது, அவ்வளவுதான்.

நம் ஊரில் இதைக் குதிகால் நரம்பு என்பார்கள். நரம்பு இல்லை இது. கெண்டைச் சதையைக் குதிகால் எலும்போடு கட்டியிருக்கும் நாண். உடம்பில் இருக்கிற நாண்களிலேயே தடிமனானது. எலும்பில் சேரும் இடத்துக்குச் சில சென்டிமீட்டர் மேலே அதற்கு ரத்த ஓட்டம் குறைவு. பெரும்பாலும் அங்கேதான் அறுகிறது. எக்ஸ்ரேயில் நாண் தெரியாது. விரல்களை அசைக்க வேறு நாண்கள் இருப்பதால் விரல் அசைவதை வைத்தும் எதுவும் சொல்ல முடியாது. அதனால் யாருக்காவது பின்னாலிருந்து அடித்தது போல, உதைத்தது போல இருந்து, ‘டப்’ என்று சத்தமும் கேட்டால், சுளுக்கு என்று யார் சொன்னாலும் அந்தக் கெண்டைச் சதையை அழுத்திப் பார்க்கும் சோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஒரு நிமிஷம்கூட ஆகாது. அது நடக்காததால் எனக்குப் பதினோரு நாள் போனது.

டாக்டர் இன்னொன்றும் கேட்டார்: சமீபத்தில் ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டீர்களா, குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி போட்டதுண்டா என்று. ஊசி இல்லை. ஆனால் டிசம்பரில் சிறுநீர்த் தொற்றுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் சாப்பிட்டிருந்தேன். அந்த வகை மருந்துகள் நாணைப் பலவீனப்படுத்தலாம், அதனால்தான் அறுந்தது என்று சொல்லிவிட முடியாது, ஆனால் இனிமேல் எந்த டாக்டரிடம் போனாலும் இதைச் சொல்லுங்கள் என்றார். காலையில் எழுந்ததும் குதிகாலுக்கு மேலே ஒரு விறைப்பு பல மாதமாக இருந்தது. ஆடுகிறவர்களுக்கு வருவதுதானே என்று விட்டிருந்தேன்.

அறுவை சிகிச்சை இல்லாமலும் குணமாகும் என்பதை அவரே சொன்னார். உடனே வந்திருந்தால், பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டி, முறையாகப் பயிற்சி கொடுத்துப் பார்த்திருக்கலாம். என் விஷயத்தில் நாள் தள்ளிப்போய் இரண்டு முனைகளும் விலகியிருந்தன. தைப்பதுதான் சரி என்று முடிவானது. முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள், குப்புறப் படுக்கவைத்தார்கள், ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

அதற்குப் பிறகுதான் எல்லாமே. முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு, உள்ளே பாதம் விரல்நுனியில் நிற்பது போலக் கீழே வளைந்தபடி. எங்கள் வீடு பழைய முற்றம் வைத்த வீடு. வாசலில் உயரமான நிலைப்படி, கூடத்திலிருந்து முற்றத்துக்கு இரண்டு படி, கழிப்பறையில் தரையில் உட்காரும் பீங்கான். இடது காலை ஊன்றவே கூடாது. வாக்கரோடு ஒரு நிலைப்படியைத் தாண்ட எனக்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. கமோடு சேர் ஒன்று வாங்கினோம். ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் போடும் ஊசியை எங்கள் தெரு நர்ஸ் அக்கா தினமும் வேலைக்குப் போகும் வழியில் வந்து போட்டார். மற்ற நேரமெல்லாம் இரண்டு தலையணைமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

சிவராத்திரி அன்று பிள்ளைகள் நான் இல்லாமலே ஆடினார்கள். அந்தப் பாய்ச்சல் அடவை எடுத்துவிடச் சொல்லியிருந்தேன். அவர்கள் எடுக்கவில்லை. வீடியோவில் அந்த இடம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். என் கணவர்தான் “எல்லாம் நல்லா இறங்கிட்டாங்க, பாரு” என்றார்.

பதினைந்தாம் நாள் தையல் பிரித்தார்கள். அந்த இடத்தில் தோல் மெல்லியது, புண் ஆறுவதற்குள் சீழ் வைத்துவிடுமோ என்ற பயம் அதுவரை இருந்தது. பிறகு குதிகாலை உயர்த்த உள்ளே மூன்று அட்டைகள் வைத்த ஒரு பூட். இரண்டு வாரத்துக்கு ஓர் அட்டையாக எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடையை ஊன்றச் சொன்னார்கள். எட்டு வாரம் கழித்து பூட்டைக் கழற்றியபோது வந்ததுதான் நான் எதிர்பார்க்காத சிக்கல். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, குதி உயர்ந்த செருப்பு போட்டுத்தான் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். வெறும் தரையில் ஒரு அடி தவறி வைத்தாலும் நாண் இழுபடும். எங்கள் கூடத்தில் நடராஜர் இருக்கிறார். சலங்கை பூஜை நடக்கும் இடம் அது. செருப்போடு அங்கே எப்படி? அத்தை கடைக்குப் போய் ஒரு புதுச் செருப்பு வாங்கி வந்து, நடராஜர் காலடியில் வைத்து எடுத்து, என் முன்னால் போட்டார். “இது தெருவை மிதிக்காத செருப்பு. சாமி ஒண்ணும் சொல்லாது. போட்டுக்க” என்றார்.

பிசியோதெரபிக்கு வந்த பெண் முதல் நாளே டேப்பால் அளந்தாள். இடது கெண்டைச் சதை மூன்று சென்டிமீட்டர் சிறுத்திருந்தது. எனக்கு அரைமண்டியில், முழங்கால்களைப் பக்கவாட்டில் விரித்து மடக்கிப் பாதி உட்காரும் நிலையில், உட்கார வேண்டும் என்பதுதான் ஆசை. முழங்கால் விரல்களுக்கு மேலே போகும், குதிகால் தரையில் இருக்கும், நாண் நன்றாக இழுபடும். அதை இப்போது செய்யவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். “இழுத்து இழுத்து நீட்டிட்டீங்கன்னா நாண் நீளமாவே ஆறிடும் அக்கா. நடக்கலாம். உந்த முடியாது.” எங்கள் மிருதங்கக்காரர் அப்போது திண்ணையில் இருந்தார். வார் தொய்ந்துபோனால் எப்படித் தட்டினாலும் நாதம் வராது, அதுதானே என்றார். அதோடு எனக்கு விஷயம் பிடிபட்டது. அரைமண்டியைக் கேட்பதை நிறுத்தினேன். ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி அழுத்துவது, நாற்காலியில் உட்கார்ந்தபடி குதியைத் தூக்குவது, பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலாலும் தூக்குவது. காலையும் மாலையும் தை ஹத் தை ஹி சொல்லிக்கொண்டே செய்தேன். குதித்து மெட்டுக்கான சொற்கட்டு அது.

வகுப்பை மே மாதமே தொடங்கிவிட்டேன், நாற்காலியில் உட்கார்ந்து தட்டுக்கழியோடு. ஆடிக் காட்ட முடியாதபோது வாயால் சொல்ல வேண்டும். எந்த நொடியில் எடை எந்தக் காலுக்கு மாறுகிறது என்று அதற்கு முன் நான் ஒருமுறைகூடச் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஆடிப்பெருக்கன்று பகவத் படித்துறைக்குப் போனோம். அறுவை சிகிச்சை முடிந்து ஐந்தரை மாதம். ஏறுவது எனக்கு வந்துவிட்டிருந்தது. இறங்குவது வேறு. ஒரு படி இறங்கும்போது மேல்படியில் இருக்கும் காலின் கெண்டைச் சதையும் சேர்ந்துதான் உடம்பை மெதுவாகக் கீழே விட வேண்டும். இடது கால் மேலே இருக்கும்போதெல்லாம் பொத்தென்று விழுவது போல இறங்கினேன். காவேரியில் தண்ணீர் நிறைந்து ஓடியது. கடைசிப் படியில் பாசி இருந்ததால் அதற்கு மேல் போகவில்லை. மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, காதோலை கருகமணியை அத்தையிடமே கொடுத்து ஆற்றில் விடச் சொன்னேன்.

ஒற்றைக் காலில் குதி எழும்பியது செப்டம்பரில். ஒரு அங்குலம் இருக்கும், நடுங்கிக்கொண்டே. ஜன்னல் கம்பியில் விரல் மட்டும் வைத்திருந்தேன். அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து என் குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார்.

விஜயதசமியன்று மூன்று புதுப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். தட்டடவு முதல் சொல்லை நின்றுகொண்டே தட்டிக் காட்டினேன், அரைமண்டி பாதி அளவில். பாய்ச்சலுக்கு இன்னும் அனுமதி இல்லை. வருடம் முடியட்டும் என்கிறார் டாக்டர். இன்று காலை இடது காலில் தொடர்ந்து பதினான்கு முறை குதி தூக்கினேன். வலதில் இருபத்தைந்து.